பூட்டின் கை யாருடையது?

கார்ச் சாவி வேலை செய்யாமல் போனால் அதை 'ரீப்ரோகிராம்' செய்ய வேண்டும் என்று சொல்லப்படுகிறது. பெங்களூரின் லிங்கராஜபுரத்திலும் இதே சொல்தான், சென்னையின் அண்ணா சாலையிலும் இதே சொல்தான். இந்த ஒரு சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற மூன்று பணிகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடுவது. இரண்டாவதற்குப் பெரும்பாலும் செலவே இல்லை. மூன்றாவதற்கு மட்டுமே கருவியும் அனுமதியும் தேவை. மூன்றையும் ஒரே பெயரால் அழைக்கும் வழக்கத்தை மொழிச்சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த வழக்கத்தால் யார் பயனடைகிறார்கள் என்று கேட்டாக வேண்டும்.

முதற்பணி மின்கலத்தை மாற்றுவது. பெரும்பாலான தொலைச்சாவிகளுக்குள் இருப்பது சி.ஆர். 2032 போன்றதொரு 3 வோல்ட் நாணயமின்கலம். அது தளர்ந்தால் பொத்தானை அழுத்தினாலும் கதவு திறவாது. ஆனால் கார் செத்துவிடுவதில்லை. சாவிக்குள் மடிந்திருக்கும் உலோக அலகு கதவைத் திறக்கும். எஞ்சினைக் கிளப்ப அனுமதிக்கும் சில்லு தனியானது. அதற்கு மின்கலம் வேண்டுவதில்லை. கார்ப்பக்கத்துச் சுருளிலிருந்து தனக்குரிய ஆற்றலைப் பெற்றுக்கொள்கிறது. பொத்தான் வைத்த கார்கள் பலவற்றில், சோர்ந்த சாவியை அப்பொத்தானருகே பிடித்தாலே எஞ்சின் உயிர்பெறுவது இதனால்தான்.

இரண்டாம் பணி ஒத்திசைவு. சாவி அனுப்பும் குறி ஒவ்வோர் அழுத்தத்துக்கும் மாறுகிறது. சாவியில் ஓர் எண்ணி, காரில் ஓர் எண்ணி; இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். காருக்கு எட்டாத தொலைவில், குழந்தையின் கையிலோ பைக்குள்ளோ பொத்தான் பலமுறை அழுந்தினால் சாவியின் எண்ணி முன்னே ஓடிவிடும். இந்த விலகலை வடிவமைத்தவர்கள் முன்னரே அறிவார்கள். தென்னாப்பிரிக்காவில் பிறந்து உலகெங்கும் பரவிய 'கீலாக்' முறையின் வழக்கமான அமைப்பில் 16 எண் வரையிலான விலகலைப் பெறுபக்கம் தானே பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேற்பட்டால், அடுத்தடுத்த இரண்டு அழுத்தங்களைக் கேட்டுத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். வேறு மாதிரிகளில் சாவியைத் திருப்பிச் சில நொடிகள் பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும். வாகனத்தின் கையேட்டில் ஒரு பத்தியில் அடங்கக்கூடிய செய்தி இது.

மூன்றாம் பணிதான் உண்மையில் கடினமானது. சாவி தொலைந்துவிட்டது, அல்லது சில்லு பழுதாகிவிட்டது. புதிய சாவி ஒன்றைக் கார் ஏற்றுக்கொள்ள வேண்டும். இங்கேகூடப் பெரும்பாலும் சாவியின் நிரல் மாற்றி எழுதப்படுவதில்லை. தான் நம்பும் சாவிகளின் பட்டியல் ஒன்றைக் கார் தன் நினைவகத்தில் வைத்திருக்கிறது. அப்பட்டியலில் ஒரு புதிய பெயர் சேர்க்கப்படுகிறது, அவ்வளவே. ஓட்டுநரின் காலருகே இருக்கும் கண்டறி இணைப்பில் ஒரு கருவியைச் செருகி, அந்த வாகனத்துக்கே உரிய இரகசிய எண்ணைத் தந்து அதைச் செய்கிறார்கள். ஆகவே இதற்குப் பொருத்தமான தமிழ்ச்சொல் 'நிரலாக்கம்' அன்று, 'பதிவு'. சொல்லைத் திருத்தியதும் கேள்வியும் திருந்திவிடுகிறது. சாவிக்குள் என்ன எழுதப்படுகிறது என்பதைவிட, பட்டியலில் பெயர் சேர்க்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கன்னடத்தில் சாவியை 'பீகத கை' என்பார்கள். பூட்டின் கை என்பது அதன் நேர்ப்பொருள். தமிழின் திறவுகோல், மலையாளத்தின் தாக்கோல் ஆகியவை சாவியைக் கோலாகப் பார்த்தன. போர்ச்சுக்கீசியம் தந்த 'சாவி' நம் வாயில் நிலைத்துவிட்டது. கோலாயினும் கையாயினும், வைத்திருப்பவருக்கே அது உரியது என்பது இம்மொழிகள் எல்லாவற்றிலும் ஐயத்துக்கு இடமற்ற முன்முடிவு. கொத்துச்சாவி இடுப்புக்கு மாறினால் வீட்டின் அதிகாரமும் மாறிற்று என்று தமிழ்க் குடும்பம் புரிந்துகொண்டது. இன்றைய கார்ச்சாவி அந்தப் பொருளை இழந்துவிட்டது. வாகனப் பதிவுச்சான்றில் உரிமையாளர் பெயர் இருக்கிறது. கடன்தவணையும் காப்பீடும் அவர் பெயரிலேயே இருக்கின்றன. திருட்டுக்கு இழப்பீடு கோரினால் இரண்டு சாவிகளையும் ஒப்படைக்கும்படி காப்பீட்டு நிறுவனம் அவரிடம்தான் கேட்கிறது. மூன்றாவது சாவி ஒன்றைச் சேர்க்கும் உரிமை மட்டும் அவரிடம் இல்லை.

லிங்கராஜபுரத்தின் குறுகிய தெருக்களில் தமிழும் கன்னடமும் உருதுவும் கலந்த பேச்சோடு இயங்கும் சிறு பட்டறைகளை எண்ணிப் பார்க்கலாம். எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்கும், அரத்தால் பித்தளைச் சாவி வெட்டித் தரும் சாவிக்காரரும் இந்தப் பட்டியலின் முன் கைகட்டி நிற்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது திறமையன்று, இரகசிய எண். வாடிக்கையாளரை நிறுவனத்தின் சேவை மையத்துக்கு அனுப்பிவிடலாம். இல்லையேல் எங்கிருந்து வந்ததென்று தெரியாத கருவி ஒன்றை வாங்கி, செய்வது சரியா தவறா என்ற அச்சத்தோடு வேலை பார்க்கலாம். நேர்மையான உழைப்பைக் கள்ளத்தனத்தின் விளிம்புக்குத் தள்ளிவிட்டு, பின்னர் அந்த விளிம்பைக் காட்டியே அவ்வுழைப்பை ஐயுறுவது இங்கே நடைமுறையாகிவிட்டது.

இது உணர்ச்சிவசப்பட்ட குற்றச்சாட்டு என்று யாரேனும் கருதினால், இந்தியப் போட்டி ஆணையத்தின் 2014 ஆகஸ்ட் 25 ஆணையைப் படிக்கட்டும். 2011இல் ஷம்ஷேர் கட்டாரியா அளித்த தகவலில் தொடங்கிய வழக்கு அது. முதலில் ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன், ஃபியட் ஆகிய மூன்றின்மீது எழுந்து, பின்னர் விரிந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் வாகனங்களுக்கான உதிரிப்பாகச் சந்தையில் தனியாதிக்கம் செலுத்துகிறது என்றும், உதிரிப்பாகங்களையும் கண்டறி கருவிகளையும் தொழில்நுட்பக் கையேடுகளையும் தனிப்பட்ட பட்டறைகளுக்கு மறுப்பது சட்டவிரோதம் என்றும் ஆணையம் முடிவுசெய்தது. மாருதி, டாட்டா, மஹிந்திரா உள்ளிட்ட 14 நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. அறிவுசார் சொத்துரிமை, பாதுகாப்பு என்ற இரு வாதங்களும் ஆணையத்தின் முன் வைக்கப்பட்டன. இரண்டும் அங்கே நிற்கவில்லை. 2016 டிசம்பரில் டொயோட்டா, ஃபோர்டு, நிசான் ஆகியவற்றின் மேல்முறையீட்டைக் கேட்ட தீர்ப்பாயம் தண்டத்தொகையின் கணக்கைத் தளர்த்தியதேயன்றி, குற்றமுடிவை மாற்றவில்லை. 2022இல் ஒன்றிய நுகர்வோர் விவகாரத்துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனத்துறையும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென இணையவாயிலும் திறக்கப்பட்டது. ஆணை, குழு, இணையவாயில் எல்லாம் வந்தபின்னும் இரகசிய எண் மட்டும் தெருப்பட்டறைக்கு வந்து சேரவில்லை.

'எண்ணைத் திறந்துவிட்டால் திருடனுக்கும் திறந்துவிட்டதாகாதா?' என்பது எதிர்த்தரப்பின் வலிமையான வாதம். அதை எள்ளி நகையாடக் கூடாது. எஞ்சின்தடைச் சில்லு பயனுள்ளது. அச்சில்லு பொருத்தப்படாமல் விற்கப்பட்ட ஹூண்டாய், கியா கார்கள் அமெரிக்காவில் அண்மை ஆண்டுகளில் கூட்டங்கூட்டமாகத் திருடப்பட்டதே அதற்குச் சான்று. ஆனால் சில்லு வேண்டும் என்பதிலிருந்து, சில்லின் கட்டுப்பாடு உற்பத்தியாளரிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்பது பெறப்படாது. இரண்டுக்கும் இடையே உள்ள பள்ளத்தைத் தாண்டித்தான் பாதுகாப்புவாதம் ஒவ்வொரு முறையும் குதிக்கிறது.

மறைத்து வைப்பதே பாதுகாப்பு என்ற நம்பிக்கையை 1883லேயே மறுத்தவர் ஆகஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ். போர்க்குறியீட்டியல் பற்றிய கட்டுரையில், ஒரு முறைமை எதிரியின் கையில் சிக்கினாலும் கேடு விளையக் கூடாது, சாவி ஒன்றே இரகசியமாக இருந்தால் போதும் என்னும் கொள்கையை அவர் வகுத்தார். அவர் மொழிப் பேராசிரியர். வோலாப்பூக் என்ற செயற்கைமொழி இயக்கத்திலும் முன்னின்றவர். மறைகுறியியலின் அடிப்படை விதியை மொழி கற்பித்த ஒருவர் தந்திருக்க, அவ்விதியை மீறும் பூட்டுகளைப் பற்றி மானுடவியல் புலங்கள் 'அது பொறியியல் துறையின் வேலை' என்று ஒதுங்கிக்கொள்வது வெட்கத்துக்குரியது.

அந்த விதியை மீறியதன் விளைவு 2013இல் வெளிப்பட்டது. 'மெகாமோஸ் கிரிப்டோ' என்ற எஞ்சின்தடைச் சில்லின் குறைகளைப் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஃபிளாவியோ கார்சியாவும், நைமேகன் ராட்பவுட் பல்கலைக்கழகத்தின் ரூல் வெர்டுல்ட், பாரிஷ் எகே ஆகியோரும் கண்டறிந்தனர். சில்லைத் தயாரித்தவர்களுக்குப் பல மாதங்களுக்கு முன்பே தெரிவித்தும் இருந்தனர். ஃபோக்ஸ்வாகன் இங்கிலாந்தின் உயர்நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றது, கட்டுரை முடக்கப்பட்டது. அந்தச் சில்லின் நெறிமுறையை ஆய்வாளர்கள் பெற்றதோ, 2009 முதலே இணையத்தில் கிடைத்துவந்த ஒரு சாவிக் கருவியின் மென்பொருளிலிருந்து. அதாவது, பணம் கொடுத்தவர் எவருக்கும் எட்டியிருந்த செய்தி, அதை விளக்கி எழுத வந்த கல்வியாளருக்கு மட்டும் தடைசெய்யப்பட்டது. ஒரே ஒரு வாக்கியம் நீக்கப்பட்டு 2015இல் அக்கட்டுரை வெளிவந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் காக்கப்பட்டது வாகனமா, நிறுவனத்தின் நற்பெயரா?

இதற்கு மாற்றுவழி எங்கும் இல்லை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில், பின்னணி சரிபார்க்கப்பட்டுப் பதிவுபெற்ற சாவித்தொழிலாளர்களுக்குச் சாவி எண்களும் எஞ்சின்தடை எண்களும் கிடைக்க ஏற்பாடு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 'செர்மி' என்ற அங்கீகார முறை தனிப்பட்ட பட்டறைகளுக்கு இதே வாயிலைத் திறக்கிறது. யார், எந்த வாகனத்துக்கு, எப்போது கேட்டார் என்பதெல்லாம் பதிவாகிறது. கள்ளச்சந்தையில் வாங்கிய கருவி எந்தத் தடயத்தையும் விட்டுச் செல்வதில்லை. அங்கீகரிக்கப்பட்ட மெக்கானிக் விட்டுச் செல்கிறார். திருட்டைத் தடுப்பதே நோக்கமென்றால் பதிவேடுதான் சிறந்த காவல். இந்தியாவில் ஆதார், வாகன் தரவுத்தளம் என்று இத்தனை அடையாள அமைப்புகளைக் கட்டியெழுப்பிய அரசுக்கு, மெக்கானிக்குகளுக்கென்று ஒரு பதிவேடு அமைப்பது எட்டாத செயலன்று.

கல்விப்புலத்தின் பொறுப்பு இங்கேதான் வருகிறது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, தொழில்நுட்பக் காப்புகளை உடைப்பதற்கு இரண்டு ஆண்டுவரை சிறை என்கிறது. ஆனால் உரிமையை மீறும் நோக்கம் இருந்தால்தான் அது குற்றம். மறைகுறி ஆய்வுக்கு வெளிப்படையான விலக்கும் அதே பிரிவில் உண்டு. சட்டம் விட்டுவைத்த இந்த இடத்தைத் தமிழ்நாட்டின், கர்நாடகத்தின் பல்கலைக்கழகங்கள் போதிய அளவு பயன்படுத்தவில்லை. தொழில்நுட்பத் தமிழ் என்றால் கலைச்சொல் பட்டியல் தயாரிப்பது என்றே இன்னும் எண்ணப்படுகிறது. கணிப்பொறியின் ஒவ்வோர் உறுப்புக்கும் இரண்டு மூன்று தமிழ்ப்பெயர்கள் இருக்கின்றன. சாவி நின்றுபோனால் முதலில் மின்கலத்தைப் பார், அடுத்து ஒத்திசைவைப் பார், பதிவு பற்றிக் கடைசியில் யோசி என்று பட்டறைக்கும் உரிமையாளருக்கும் புரியும்படி எழுதிய நான்கு பக்கத் தமிழ்க் கையேட்டைத் தேட வேண்டியிருக்கிறது.

கோரிக்கைகள் எளியவை. விலைச்சீட்டில் மின்கலம், ஒத்திசைவு, பதிவு மூன்றும் தனித்தனியே எழுதப்பட வேண்டும். உரிமையாளர் கேட்டால் அவருடைய வாகனத்தின் சாவி எண்ணை, அடையாளம் சரிபார்த்து, எழுத்தில் தர வேண்டும். அங்கீகாரம் பெற்ற தனிப்பட்ட பட்டறைகளுக்கு அந்த வாயில் திறக்கப்பட வேண்டும். ஐ.டி.ஐ. பாடத்தில் இதற்குரிய பயிற்சி அவரவர் மொழியில் இடம்பெற வேண்டும். காரை விற்றபின்னும் அதன் பூட்டின் கையைத் தன்னிடமே வைத்துக்கொள்பவர் அதை முழுமையாக விற்றவராகார். முழுவிலையும் வாங்கிக்கொண்ட அவர்களிடம் எஞ்சிய அந்தக் கையைக் கேட்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.