ஆசிரியரும் அச்சகத்தாரும் ஒருவரே ஆகும்போது

பத்திரிகையின் ஏதோ ஒரு பக்கத்தின் அடியில், வாசகர்கள் பெரும்பாலும் கண்ணெடுத்துப் பாராத பொடி எழுத்தில், ஆசிரியர் இன்னார், அச்சிட்டு வெளியிடுபவர் இன்னார், அச்சான இடம் இன்னது என்று ஒரு வரி இருக்கும். 1867-ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சி இயற்றிய சட்டத்தினால் ஏற்பட்ட வழக்கம் அது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2023-இல் புதிய சட்டம் வந்த பிறகும், எழுத்துக்குப் பொறுப்பாளி ஒருவர் பெயர் சொல்லி நிற்க வேண்டும் என்ற ஏற்பாடு மாறவில்லை. அந்த ஒரு வரியின் பாரம் எத்தகையது என்பதைத் தமிழ்நாடு 1908-லேயே கண்டிருக்கிறது. பாரதியாரின் எழுத்துக்களைத் தாங்கி வந்த 'இந்தியா' பத்திரிகையின்மீது ராஜத்துரோக வழக்குத் தொடரப்பட்டபோது, சட்டப்படி ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்த சீனிவாசன் சிறை புகுந்தார். பாரதியார் புதுவைக்குப் போய்ச் சேர்ந்தார்.

இன்று கையில் ஒரு தொலைபேசியும் மனத்தில் ஒரு கேள்வியும் உடைய எந்தச் சாமானியரும், தமது ஊர் ஏரி ஆக்கிரமிக்கப்படுவதையோ கூட்டுறவுச் சங்கக் கணக்கு இடிப்பதையோ எழுதி, வலைப்பூவிலோ முகநூலிலோ ஒரு நொடியில் வெளியிட்டுவிடுகிறார். அந்த நொடியிலேயே ஆசிரியர், அச்சிடுபவர், வெளியிடுபவர் ஆகிய மூவரின் பொறுப்பும் அவர் ஒருவர் தலையில் ஏறிவிடுகிறது. பத்திரிகை ஸ்தாபனத்திலோ, செய்தியை இரண்டாம் முறை பார்க்க ஓர் உதவி ஆசிரியர் உண்டு, ஆலோசனைக்கு ஒரு வக்கீல் உண்டு, வழக்கு வந்தால் செலவைத் தாங்க நிர்வாகம் உண்டு. தனி எழுத்தாளருக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. ஆயினும் சட்டம் இருவரையும் ஒரே தராசில் நிறுத்துகிறது. இவ்வகை எழுத்தை உண்மையில் அச்சுறுத்தி வைத்திருப்பது அவதூறைக் கிரிமினல் குற்றமாக வைத்திருக்கும் பிரிவேயாகும் என்பதும், அது நீக்கப்பட வேண்டும் என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவாக 1860 முதல் இருந்து, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவாகப் பெயர் மாறியிருக்கும் அந்த விதி, இரண்டு வருஷம் வரை வெறுங்காவல் விதிக்க இடம் தருகிறது. சமூக சேவையையும் இப்போது ஒரு தண்டனையாகச் சேர்த்திருக்கிறார்கள். நம்மில் பலர் நினைப்பதுபோல, எழுதியது உண்மை என்று நிரூபித்தால் மட்டும் இதிலிருந்து தப்பிவிட முடியாது. சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டால், உண்மை என்பது பூரணமான எதிர்வாதம். ஆனால் கிரிமினல் வழக்கில், அது உண்மைதான் என்பதோடு, அதை வெளியிட்டது பொதுநன்மைக்காகத்தான் என்பதையும் எழுதியவரே நிரூபிக்க வேண்டும். பணம் கேட்கும் வழக்கில் போதுமான கேடயம், சிறையைக் காட்டும் வழக்கில் போதாமற் போவது எந்த நியாயத்தின்பாற்படும் என்பது எனக்கு விளங்கவில்லை.

தண்டனை கடைசியில் கிடைப்பது அபூர்வம் என்று சொல்பவர்கள், மாஜிஸ்திரேட் கோர்ட்டின் தாழ்வாரத்தில் ஒரு முற்பகலாவது நின்று பார்க்க வேண்டும். சம்மன் வந்த அன்றே வக்கீலுக்கு முன்பணம் கொடுத்தாக வேண்டும். குறித்த நாளில் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து, பெயர் கூப்பிடும் குரலுக்குக் காது கொடுத்து நிற்க வேண்டும். கூப்பிடும் நேரத்தில் தேநீர் குடிக்கப் போயிருந்தால் பிடிவாரண்டுக்குப் பயப்பட வேண்டும். எல்லாம் முடிந்து உள்ளே போனால், புகார்தாரர் வரவில்லை என்று இன்னொரு வாய்தா. புகார்தாரரோ தம் வக்கீலை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கலாம். இணையத்தில் எழுதியதை எங்கிருந்தும் படிக்கலாமாகையால், நாகர்கோவில்காரர் ஒருவர் வெகுதூரத்து ஊர் ஒன்றின் கோர்ட்டில் நிற்க நேரவும் இடமுண்டு. இப்படி இரண்டு வருஷம் அலைந்தவர் விடுதலையானாலும், மறுபடியும் ஏரியைப் பற்றி எழுதுவாரா? புதிய நடைமுறைச் சட்டம், புகாரை ஏற்குமுன் எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும் என்று விதித்திருப்பது ஒரு சிறு நிவாரணம், அவ்வளவே.

நீதிமன்றங்கள் இவ்விஷயத்தில் நமக்கு நன்மையே செய்யவில்லை என்று சொல்வது நன்றிகெட்ட செயலாகும். சிறையிலிருந்த கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடுவதைத் தடுக்கச் சிறைத்துறை முயன்ற வழக்கில், 1994-இல் உச்சநீதிமன்றம், அரசாங்கம் முன்கூட்டியே பிரசுரத்தைத் தடுக்க முடியாது என்றும், அதிகாரியின் உத்தியோக நடத்தையைப் பற்றி எழுதியவர் தக்கவாறு விசாரித்துத்தான் எழுதினார் என்று காட்டினால் நஷ்டஈடு கேட்க முடியாது என்றும் சொல்லிற்று. தமிழ்நாட்டிலிருந்து எழுந்த ஒரு வழக்கு இந்தியா முழுவதற்கும் அளித்த கொடை அது. ஆனால் அந்தப் பாதுகாப்பு நஷ்டஈட்டு வழக்கோடு நின்றுவிட்டது. 2016-இல் கிரிமினல் அவதூறுப் பிரிவின் செல்லுபடி நேராகவே கேள்விக்கு வந்தபோது, ஒருவருடைய நற்பெயரும் அரசியல் சாசனம் காக்கும் உயிருரிமையின் பகுதியே என்று கூறி நீதிமன்றம் அப்பிரிவை நிலைநிறுத்தியது. நற்பெயர் அருமையானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. இணையத்தில் ஒரு பெண்ணைப் பற்றி ஒருவன் இரவில் எழுதிய பொய், விடிவதற்குள் அவள் உறவினர் வீடு தோறும் போய்ச் சேர்ந்துவிடுகிறது; அந்தக் காயத்துக்குப் பரிகாரம் இல்லாத சட்டம் சட்டமே அல்ல. ஆனால் அவளுக்கு வேண்டியது, அந்தப் பொய்யை விரைவாக நீக்கும் உத்தரவும், பகிரங்கமான மறுப்பும், நஷ்டஈடுமே. இவை சிவில் சட்டத்தில் கிடைக்கக்கூடியவை. விரைவில் கிடைக்காமல் இருப்பதுதான் குறை. அந்தக் குறையைத் தீர்ப்பதை விட்டுச் சிறையைக் காட்டுவதனால் அவளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இந்தக் கிரிமினல் அவதூறுச் சட்டத்தை நமக்குத் தந்த இங்கிலாந்தே 2009-இல் சட்டம் இயற்றித் தன் நாட்டில் இதை ஒழித்துவிட்டது. இலங்கை அதற்கு முன்பே, 2002-இல் ஒழித்தது.

சட்டம் மாறும்வரை எழுதுகிறவர்களுக்கும் சில கடமைகள் உண்டு. யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவரிடம் வெளியிடுமுன் விளக்கம் கேட்பதும், கேட்டதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்வதும், தவறு தெரிந்தால் சத்தமின்றி அழித்துவிடாமல் தேதியிட்டுத் திருத்துவதும் பழைய பத்திராதிபர்கள் போற்றிய ஒழுக்கங்கள். தனி எழுத்தாளருக்கு அவை அலங்காரமல்ல, ஆயுதம். ஆதாரமாக வைத்திருக்கும் ஸ்கிரீன்ஷாட், அதற்குரிய சான்றிதழ் இல்லாமல் கோர்ட்டில் ஏறாது என்பதையும், மூலப் பதிவு இருந்த கருவியைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பதையும் பலர் வழக்கு வந்த பின்புதான் அறிகிறார்கள்.

அவசரமாகச் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. அதற்குப் பார்லிமெண்டின் தயவு தேவையில்லை. அமைச்சர்களையோ அதிகாரிகளையோ அவர்களது பொதுக் காரியம் சம்பந்தமாக விமர்சித்ததற்கு, அரசாங்கமே அனுமதி தந்து, அரசு வக்கீல் மூலம் நேரே செஷன்ஸ் கோர்ட்டில் அவதூறு வழக்குப் போட நடைமுறைச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் இவ்வசதி தாராளமாகப் பயன்பட்டது. 2020-இல் சென்னை உயர்நீதிமன்றம் பத்திரிகையாளர்கள்மீது அவ்வாறு போடப்பட்ட வழக்குகளில் ஒரு தொகுதியை ரத்துச் செய்தது. அடுத்த ஆண்டு வந்த அரசு நிலுவையில் இருந்தவற்றில் பலவற்றை வாபஸ் பெற்றது. வாபஸ் பெறுவது ஓர் அரசின் பெருந்தன்மை. அதை அடுத்த அரசு தொடர வேண்டும் என்ற நிர்ப்பந்தம் எதுவும் இல்லை. ஆகையால், இவ்வழக்குகளுக்கு அனுமதி தருவதில்லை என்பதைக் கொள்கையாக அறிவித்து, அதைச் சட்டமன்றத்தில் தீர்மானமாகவே பதிவு செய்ய வேண்டும் என்று தமிழக அரசைக் கேட்டுக்கொள்கிறேன். பெரிய பத்திரிகைகளை மட்டுமன்றி, ஒரு தாலுகாவின் ஏரியைப் பற்றித் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறவரையும் அந்தத் தீர்மானம் பெயர் சொல்லாமல் உள்ளடக்க வேண்டும்.