‘இடமில்லை’ என்று சொல்லும் டிஸ்க்தான் நல்ல டிஸ்க்!

1985 ஜூலையில் நியூயார்க்கில் ஒரு விழா. கமோடோர் நிறுவனம் ‘அமிகா’ என்ற வீட்டுக் கம்ப்யூட்டரை அறிமுகம் செய்தது. ஓவியர் ஆண்டி வார்ஹோல் மேடையேறி, பாடகி டெபி ஹாரியின் படத்துக்கு அந்தக் கம்ப்யூட்டரிலேயே வண்ணம் தீட்டிக் காட்டினார். படமும் இசையும் விளையாட்டுமாக ஐரோப்பிய வீடுகளில் அமிகா கொடிகட்டிப் பறந்தது. 1994-ல் கமோடோர் திவாலாகிவிட்டது. ஆனாலும், பழைய அமிகாவைத் துடைத்துப் பராமரித்து ஓட்டும் ரசிகர்கள் இன்றும் இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் மண்டையைப் போட்டுவிட்டால், கேமராவுக்கான மெமரி கார்டு ஒன்றை அந்த இடத்தில் பொருத்திக்கொள்வது அவர்கள் வழக்கம்.

அந்தக் கார்டு 8 ஜி.பி.யாக இருந்தால் என்ன ஆகும்?

வேலை செய்யும். சிக்கலே அதுதான்! பழைய சிஸ்டம் மென்பொருள் இருக்கும் அமிகா, ‘இது எனக்குப் பெரிசு’ என்று சொல்லாது. கார்டைப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்க விடும். ஃபைல்களைக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளும். நாள்கள் ஓடும். திடீரென்று ஒரு நாள், எப்போதோ சேமித்த படம் திறக்காது. பிறகு ஒரு நாள் கம்ப்யூட்டரே கிளம்பாது. கார்டிலும் பழுதில்லை, கம்ப்யூட்டரிலும் பழுதில்லை. பிறகு யார் செய்த வேலை இது?

மீட்டர் பூஜ்யத்துக்குத் திரும்பினால்...

பழைய ஸ்கூட்டர் மீட்டரை நினைத்துப்பாருங்கள். கிலோமீட்டர் காட்ட ஐந்து கட்டங்கள். 99,999 கிலோமீட்டர் ஓடி முடித்த வண்டி அடுத்த கிலோமீட்டரைத் தொட்டால், மீட்டர் 00000 என்று காட்டும். ஆறாவது கட்டம் இல்லாததால், லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி அன்றைக்குத்தான் ஷோரூமிலிருந்து வந்ததுபோல் ஆகிவிடும்.

ஹார்ட் டிஸ்க்கிலும் இதே கதைதான். டிஸ்க்கில் எழுதப்படும் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலாசம் வேண்டும். ‘டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து இத்தனையாவது பைட்’ என்பதுதான் அமிகா சொல்லும் விலாசம். அதை எழுத 32 கட்டங்களை ஒதுக்கினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 0 அல்லது 1 மட்டுமே வரலாம். ஒரு கட்டம் கூடினால் விலாசங்கள் இரண்டு மடங்காகும். சதுரங்கப் பலகையில் நெல்மணி வைத்த கதை தெரியும்தானே? அதே கணக்கு. 32 கட்டங்களுக்கு 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 விலாசங்கள். அதாவது, சரியாக 4 ஜி.பி.

அதற்கு அடுத்த பைட்டின் விலாசத்தை எழுத 33-வது கட்டம் வேண்டும். அது இல்லை. இருக்கிற 32 கட்டங்களும் பூஜ்யமாகிவிடும். பூஜ்யம் என்றால் டிஸ்க்கின் தொடக்கம். ஐந்தாவது ஜி.பி.யில் எழுதச் சொன்ன தகவல், சத்தமில்லாமல் முதல் ஜி.பி.யின் தலைமேல் போய் உட்கார்ந்துவிடும். சிஸ்டம் மென்பொருள், பார்ட்டிஷன் பட்டியல் எல்லாம் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் குடியிருக்கும்.

‘கார்டை 2 ஜி.பி., 2 ஜி.பி.யாகப் பிரித்துக்கொண்டால் போதாதா?’ என்று கேட்கலாம். போதாது. விலாசம் பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படுவதில்லை, மொத்த டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படுகிறது. மூன்றாவது துண்டு 4 ஜி.பி. கோட்டுக்கு அந்தப்பக்கம் விழுந்துவிடும். எல்லாப் பார்ட்டிஷன்களையும் முதல் 4 ஜி.பி.க்குள் அடக்கிவிட்டு, மிச்சத்தைத் தொடாமல் விடுவதுதான் அமிகா ரசிகர்கள் கடைப்பிடிக்கும் வழி. 1999-ல் வந்த அமிகா ஓ.எஸ். 3.5 இந்தக் கோட்டைத் தாண்ட வழிசெய்தது.

வடிவமைத்தவர்களைக் குறைசொல்ல முடியாது. அமிகா வந்த காலத்தில் அதன் ஃபிளாப்பி ஒன்றில் 880 கே.பி. தான் கொள்ளும். 4 ஜி.பி. என்றால் 4,700-க்கும் மேற்பட்ட ஃபிளாப்பிகள். ஒரு வீட்டில் அத்தனை தகவல் சேரும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

சி, டி, இ வந்த கதை

அதே காலத்தில் ஐ.பி.எம். பி.சி.க்கும் ஒரு வேலி இருந்தது. 1983-ல் வந்த பி.சி. எக்ஸ்.டி.யில் 10 எம்.பி. ஹார்ட் டிஸ்க். 1984-ல் வந்த பி.சி. ஏ.டி.யில் 20 எம்.பி. அதனுடன் வந்த டாஸ் 3.0, டிஸ்க்கை 512 பைட் கொண்ட சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து எண்ணியது. அறைகளின் எண்ணிக்கையை எழுத 16 கட்டங்கள். அதில் 65,536 வரைதான் போக முடியும். 512-ஆல் பெருக்கினால் 32 எம்.பி. ஒரு பார்ட்டிஷனின் உச்சவரம்பு அவ்வளவுதான்.

சீக்கிரமே 40 எம்.பி. டிஸ்க்குகள் கடைக்கு வந்தன. டாஸ் கறாராக இருந்தது. பார்ட்டிஷன் போடும்போதே 32 எம்.பி.க்கு மேல் தர மறுத்தது. 1987-ல் வந்த டாஸ் 3.3, மீதியைத் தனித்தனி டிரைவ்களாகப் பிரித்துக்கொள்ள வழி கொடுத்தது. ‘சி’யில் 32, ‘டி’யில் 8 என்று ஒரே டிஸ்க்கை இரண்டாக்கினார்கள். டிஸ்க் வளர வளர ‘இ’, ‘எஃப்’ என்று எழுத்துகளும் வளர்ந்தன. 1988-ல் டாஸ் 4.0 கட்டங்களைக் கூட்டிய பிறகுதான் இந்த வேலி விழுந்தது.

அடுத்த வேலி 2 ஜி.பி.யில் நின்றது. அங்கே இன்னொரு தொல்லை. பார்ட்டிஷன் பெரிதாகப் பெரிதாக, ஒரு ஃபைலுக்குத் தர வேண்டிய குறைந்தபட்ச இடமும் பெரிதானது. 2 ஜி.பி. பார்ட்டிஷனில் 1 கே.பி. கடிதம்கூட 32 கே.பி.யைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றை ஆள் தங்க வந்தாலும் கல்யாண மண்டபத்தையே திறந்துவிட வேண்டும் என்பதுபோல. 1996-ல் வந்த ஃபேட்32 இந்த வேலியையும் தாண்டியது.

டாஸின் கெடுபிடி எரிச்சல் தந்தது உண்மைதான். ஆனால் அது வாசலிலேயே ‘இதற்குமேல் இடமில்லை’ என்று சொல்லிவிட்டது. உள்ளே விட்டு, ஏற்கெனவே இருந்தவரைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளவில்லை.

ஒரே எண், இரண்டு குணம்

அமிகாவைக் கவிழ்த்த அதே 32 கட்டங்களை நம் வீட்டிலும் பார்க்கலாம். 32 ஜி.பி. பென் டிரைவ் காலியாக இருக்கிறது. 5 ஜி.பி. கல்யாண வீடியோவை அதில் போட்டால், ‘ஃபைல் மிகப் பெரியது’ என்று கம்ப்யூட்டர் மறுக்கிறது. ‘இவ்வளவு இடம் இருக்கே!’ என்று கோபம் வரும். காரணம், ஃபேட்32 முறையில் ஒரு ஃபைலின் அளவை எழுத 32 கட்டங்கள்தான். 4 ஜி.பி.யை எட்டும் ஃபைலின் அளவை அதில் எழுதவே முடியாது.

எண் அதேதான், குணம்தான் வேறு. அமிகா தலையாட்டிவிட்டுப் பழையதை அழித்தது. பென் டிரைவ் முகத்துக்கு நேராக மறுக்கிறது. இதற்குத் தீர்வும் சுலபம். பென் டிரைவில் இருப்பதையெல்லாம் வேறு இடத்தில் காப்பி எடுத்துவைத்துவிட்டு, ‘எக்ஸ்ஃபேட்’ முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். ஃபார்மேட் செய்தால் எல்லாம் அழிந்துவிடும் என்பதால் காப்பி முக்கியம். சில பழைய டி.வி.க்கள் எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

3 டி.பி. டிஸ்க்குகள் வந்தபோதும் இந்த மீட்டர் சுற்றியது. பழைய விண்டோஸ் எக்ஸ்.பி. கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அந்த டிஸ்க் 746 ஜி.பி. என்று தெரிந்தது. பழைய முறையில் எண்ண முடிந்த 2.2 டி.பி.யைத் தாண்டியதும் எண் மறுபடி பூஜ்யத்தில் தொடங்க, மிச்சம் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

உங்கள் போனுக்குள் ஓர் அமிகா?

இதெல்லாம் பழங்கதை என்று விட்டுவிட முடியாது. ‘1 டி.பி. மெமரி கார்டு, சில நூறு ரூபாய்தான்’ என்று வரும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படி விற்கப்படும் போலிக் கார்டுகளுக்குள் இருப்பது பெரும்பாலும் சில ஜி.பி. மட்டுமே. ‘எவ்வளவு இடம்?’ என்று போன் கேட்டால் ‘1 டி.பி.’ என்று பொய் சொல்லும்படி உள்ளே இருக்கும் சிப்பை மாற்றி வைத்திருப்பார்கள். உண்மையான இடம் தீர்ந்ததும் சில கார்டுகள் தொடக்கத்துக்குப் போய்ப் பழைய படங்களின்மேல் எழுதும். சில கார்டுகள் புதிய படங்களை எங்கும் எழுதாமலே ‘எழுதிவிட்டேன்’ என்று சொல்லும். ஃபைலின் பெயர் இருக்கும், அளவும் சரியாகக் காட்டும். திறந்தால் பாதிப் படம் சாம்பல் நிறம், அல்லது ஒன்றுமே இல்லை.

அமிகாவை வடிவமைத்தவர்கள் தெரியாமல் விட்டதை இவர்கள் தெரிந்தே செய்கிறார்கள். போவது குழந்தையின் முதல் பிறந்தநாள் படமாக இருக்கலாம், இறந்துபோன தாத்தாவின் குரலாகவும் இருக்கலாம்.

புது கார்டு வாங்கினால் இவற்றைச் செய்துவிடுங்கள்:

1. நம்பகமான கடையில், பில்லுடன் வாங்குங்கள். மற்ற கடைகளின் விலையைவிடப் பல மடங்கு மலிவென்றால் தொடாதீர்கள்.

2. காலிக் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டு, முழுவதும் நிரம்பும்வரை வீடியோக்களைக் காப்பி செய்யுங்கள். கார்டை ஒருமுறை கழற்றி மாட்டிவிட்டு, முதலில் போட்டதையும் நடுவில் போட்டதையும் கடைசியில் போட்டதையும் ஓட்டிப் பாருங்கள். இந்தச் சோதனைக்கென்றே எஃப்3 போன்ற இலவச மென்பொருள்களும் உண்டு. பெரிய கார்டு என்றால் சில மணி நேரம் பிடிக்கும்.

3. இந்தச் சோதனையில் தேறும்வரை போனிலிருந்து எந்தப் படத்தையும் அழிக்காதீர்கள். தேறிய பிறகும், முக்கியமான படங்களுக்கு இன்னொரு பிரதி வேறு இடத்தில் இருக்கட்டும்.

அடுத்த வாரம்: 128 ஜி.பி. என்று வாங்கிய பென் டிரைவ், கம்ப்யூட்டரில் ஏன் 119 என்று காட்டுகிறது?