பார்க்க மட்டும்னா சாவி எதுக்கு?

எங்கள் வீட்டு அலமாரி மேல் பழைய லேப்டாப் ஒன்று மூடியபடியே ராப்பகலாக ஓடுகிறது. திரை கீறி, கீபோர்டில் நான்கு எழுத்துகள் போன பிறகு எடைக்குப் போட மனசு வராமல் அதை வீட்டு சர்வராக்கிவிட்டேன். குடும்பப் படங்கள், அப்பாவின் மருந்துச் சீட்டுகள், தங்கை கல்யாண வீடியோ எல்லாம் அதில்தான். மாதாந்திரப் பராமரிப்புக்காக திண்டுக்கல்லில் கரன்ட் நிறுத்தும் நாளில் பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கும். நிறுத்துவது என்னவோ நாள் முழுக்க.

உள்ளே ஆறு கன்டெய்னர்கள். எங்கள் ஊரில் கன்டெய்னர் என்றால் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் இரும்புப் பெட்டி லாரி. இந்தப் பெயரும் அந்தப் பெட்டியிலிருந்து வந்ததுதான். ஒரு மென்பொருளையும் அது ஓடத் தேவையான சில்லறைச் சாமான்களையும் ஒரே பொதியாகக் கட்டினால் இமேஜ். அதை ஓடவிட்டால் கன்டெய்னர். 2013இல் டாக்கர் என்ற மென்பொருள் வந்த பிறகே இந்த வித்தை என்னைப் போன்ற அரைகுறைகளுக்கும் எட்டியது.

பொதி பழசாகும். ஓட்டையை அடைத்துப் புதிய பதிப்பு வந்திருக்கும். நம் வீட்டில் ஓடுவது போன வருஷத்துச் சரக்காக இருக்கும். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற மென்பொருளில் இருந்த ஓட்டை வெளியானபோது, அந்த மென்பொருள் தங்களிடம் எந்த மூலையில் கிடக்கிறது என்று தெரியாமல் பெரிய கம்பெனிகளே தேடி அலைந்தன.

அதனால் முதலில், புதுப் பதிப்பு வந்தால் தானாகவே மாற்றிவிடும் கருவியைப் போட்டேன். ஒரு நாள் காலையில் பார்த்தால் படம் ஒன்றுகூடத் திறக்கவில்லை. டேட்டாபேஸுக்குப் பதிப்பு எண் போடாமல் 'லேட்டஸ்ட்' என்று எழுதி வைத்திருந்தேன். ராத்திரியோடு ராத்திரியாகப் பெரிய பதிப்பு இறங்கி, பழைய கோப்புகளைப் படிக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. தப்பு என்னுடையதுதான். படங்கள் தப்பின; ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

பிறகு டியுன் என்ற கருவிக்கு மாறினேன். 'டாக்கர் இமேஜ் அப்டேட் நோட்டிஃபையர்' என்பதன் சுருக்கம். இதுவும் ஒரு கன்டெய்னராகவே வருகிறது. எதையும் மாற்றாது, சேதி மட்டும் சொல்லும். ஒவ்வொரு இமேஜுக்கும் டைஜஸ்ட் என்று 64 எழுத்துக் கைரேகை உண்டு. பெயர் அதேதான், 'லேட்டஸ்ட்' என்ற லேபிளும் அதேதான் என்றாலும், உள்ளே ஓர் எழுத்து மாறினால் கைரேகை மாறிவிடும். நான் வைத்த கணக்குப்படி ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை டியுன் போய்ப் பார்த்து, முன்பு குறித்து வைத்ததோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் டெலிகிராமில் தகவல் அனுப்பும். முதல் சுற்றில் வாய் திறக்காது, கணக்கு மட்டும் எடுக்கும். அது தெரியாமல் ஒரு நாள் முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோதனைச் சேதி அனுப்பத் தனிக் கட்டளை இருக்கிறது. முதலில் அதை ஓட்டிப் பாருங்கள்.

எந்தெந்தக் கன்டெய்னர் ஓடுகிறது என்று டியுனுக்கு எப்படித் தெரியும்? டாக்கருக்குக் கட்டளை போகும் வழியான சாக்கெட்டை அதனிடம் கொடுக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் கற்றுக்கொடுக்கிறார்கள். நானும் கொடுத்தேன். 'வாசிக்க மட்டும்' என்று ஒரு குறிப்பும் சேர்த்தேன்.

மாமா வந்திருந்தார். பூட்டுப் பட்டறை வைத்திருந்தவர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைப்பதற்கு முன்பே பட்டறையை மூடிவிட்டார். அந்த சாக்கெட் என்ன என்று கேட்டார். "வீட்டோட மொத்தச் சாவி மாதிரி, மாமா" என்றேன்.

"உன் ஆளு சும்மா பார்த்துச் சொல்றவன்தான?"

"ஆமா."

"பார்க்க மட்டும்னா சாவி எதுக்கு மாப்ள?"

பதில் இல்லை. அந்த 'வாசிக்க மட்டும்' வெறும் ஒப்புக்குத்தான். சாக்கெட் வழியாகப் போகும் கட்டளை எதையும் அது தடுக்காது. சாக்கெட் கையில் இருந்தால் கம்ப்யூட்டரே கையில் இருக்கிற மாதிரி.

அன்று ராத்திரி உட்கார்ந்து டியுனின் விளக்கக் குறிப்பை முழுசாகப் படித்தேன். சாக்கெட்டே வேண்டாம், இமேஜ் பெயர்களை ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால் போதும், அதையே பார்த்துச் சொல்லும். புதிதாக எதைப் போட்டாலும் பட்டியலில் நாமே சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் தொல்லை. சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

பட்டியலில் இப்போது ஏழு பெயர்கள். ஏழாவது டியுன். போன வாரம் வந்த முதல் சேதி, டியுனுக்கே புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்பதுதான்.