மீன் மேலேதான் பார்க்கும்

மகன் வீட்டுச் சாப்பாட்டு மேசை ஓரத்தில் ஒரு சிறிய இரும்பு இடுக்கி பூட்டியிருந்தது. பக்கத்தில் நூல்கண்டு, கத்தரிக்கோல், வெள்ளையிலும் இளம்பச்சையிலும் இறகுகள், ஒரு டப்பா நிறைய தூண்டில் முள். மருமகள் ஏதோ கைவேலை செய்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"இல்லப்பா, இது உங்களுக்குத்தான். அடுத்த வாரம் மீன் பிடிக்கப் போறோம். அதுக்குள்ள நீங்க ஃப்ளை கட்டப் பழகிக்கணும்" என்றான் மகன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் தூண்டில் பைத்தியம் தெரியும். ஆனால் மண்புழுவும் இறாலும் தவளையும் கோத்துப் பழகிய கை இது. அறுபத்தேழு வயதில், அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில், மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு முள்ளில் இறகு கட்ட உட்கார்ந்தேன்.

ஃப்ளை என்றால் ஈ. பெயர்தான் அப்படி. முள்ளில் இறகும் நூலும் சுற்றி, பூச்சி போலவோ சின்ன மீன் போலவோ காட்டும் பொய் இரை அது. நமக்கும் இது முற்றிலும் புதிதல்ல. கடலில் கெம்போங் பிடிக்க வரிசையாக முள் தொங்கும் 'அப்போலோ' வாங்குகிறோமே, அதில் முள்ளோடு சேர்ந்து மினுங்குவதும் இதே வித்தைதான். அதைக் கடையில் வாங்குகிறோம். இதை நாமே கட்டுகிறோம்.

நாங்கள் தேடிப் போகவிருந்த மீனின் பெயர் கிராப்பி. வட அமெரிக்க நன்னீர் மீன். வெள்ளை, கறுப்பு என இரண்டு இனம் உண்டு. வெள்ளை கிராப்பிக்கு உடலில் பட்டை பட்டையாகக் கோடுகள். கறுப்புக்கு மிளகு தூவியது போல் புள்ளிகள். நம் திலாப்பியாவை இரண்டு பக்கமும் அழுத்தி மெலிதாக்கி, வெள்ளி பூசினால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அப்படி. வாய் ஓரச் சவ்வு மிக மெல்லியது என்பதால் 'காகித வாய்' என்று செல்லப் பெயர். வெடுக்கென்று இழுத்தால் வாய் கிழிந்து மீன் போய்விடும். பெரிய கண்கள், தலையில் சற்று மேலே அமைந்தவை. தனக்கு மேலே இருக்கும் இரையைத்தான் அது விரும்பி எடுக்கும். எந்த ஃப்ளை கட்டுவது என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

மறுபாதி பருவத்தில் இருக்கிறது. குளிர் முடிந்து ஏரித் தண்ணீர் சுமார் 16 முதல் 20 பாகை செல்சியசுக்கு வரும்போது, கிராப்பி முட்டையிடக் கரையோரம் வரும். டாக்வுட் மரம் வெள்ளையாகப் பூத்தால் கிராப்பி கரைக்கு வந்துவிட்டது என்பது அந்தப் பக்கத்துக் கிராமத்துக் கணக்கு. ஆண்டு முழுதும் தூண்டில் தொடாதவர்கள்கூட அப்போது படகை இறக்குவார்கள்.

முதல் இரவு ஆறு ஃப்ளை கட்டினேன். ஆறும் தப்பு.

முறை இதுதான். 8ஆம் எண் முள்ளை இடுக்கியில் பிடிக்க வேண்டும். எண் கூடக் கூட முள் சிறியது. தண்டு முழுவதும் நூலைச் சுற்றி, முன்பக்கம் உலோகக் கண் இரண்டை எட்டு வடிவில் நூலோட்டிக் கட்ட வேண்டும். கண்ணைத் தண்டின் மேல்பக்கம் கட்டினால் தண்ணீரில் ஃப்ளை புரண்டு, முள் முனை வானம் பார்க்கும். மரவேரில் எளிதில் மாட்டாது. 1980களில் பாப் கிளவுசர் என்ற பென்சில்வேனியாக்காரர் பேர் வாங்கிக்கொடுத்த கட்டு இது. பிறகு வாலுக்கு மராபூ. ஒரு காலத்தில் கொக்கினத்து மராபூப் பறவையின் இறகு. இன்று அந்தப் பெயரில் வருவது வான்கோழியின் மெல்லிறகு. உடம்புக்குப் பஞ்சு போன்ற நூற்கயிறு. கடைசியில் முடிச்சு, அதன்மேல் ஒரு சொட்டுப் பசை.

என் முதல் தப்பு, இறகை அள்ளி வைத்தது. காய்ந்த இறகு பார்க்க அழகுதான். மகன் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து ஃப்ளையை முக்கிக் காட்டினான். சின்ன மீனுக்குப் பதிலாக நனைந்த கோழிக்குஞ்சு ஒன்று தொங்கியது. இறகைப் பாதியாகக் குறைத்ததும் அதே டம்ளரில் வால் நெளிந்தது. இரண்டாவது தப்பு, நூலை முன்னே முன்னே சுற்றி, நரம்பு கோக்கும் துளையையே அடைத்தது. மூன்றாவது, கெட்டியாக இருக்கட்டும் என்று ஈயக் கண் வைத்தது.

"அப்பா, இது கல்லு மாதிரி இறங்கிடும். கரையோரம் முழங்கால் தண்ணி. மீன் மேலேதான் பார்க்கும். அது கண்ணுல படுறதுக்குள்ள இது தரைக்குப் போயிடும்."

ஆறையும் ஒரு பழைய மிட்டாய் டின்னில் போட்டு ஒதுக்கினேன். மறுநாள் பத்து வயதுப் பேரன், விசிறி இழுக்கும் மணிச்சங்கிலியில் மீந்த துண்டை எடுத்துவந்து இரண்டிரண்டு மணியாக நறுக்கிக் கொடுத்தான். எடை குறைவு, கண்ணுக்குக் கண்ணும் ஆயிற்று. தெளிந்த தண்ணீருக்கு வெள்ளை, கலங்கிய தண்ணீருக்கு இளம்பச்சையும் கறுப்பும் என்று பன்னிரண்டு கட்டினோம்.

மெம்பிஸிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் ரீல்ஃபுட் ஏரி. 1811இலும் 1812இலும் அடுத்தடுத்து வந்த பெரும் நிலநடுக்கங்களில் நிலம் உள்வாங்கி, காடு நின்ற இடத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. இன்றும் சைப்ரஸ் மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கின்றன. அடியில் எங்கு பார்த்தாலும் மொட்டைக் கட்டைகள். நம் லோம்போங் குளங்களில் மீன் பிடித்தவனுக்கு இது சொந்த ஊர் மாதிரி.

சாலையோரம் டாக்வுட் பூத்திருந்தது. தண்ணீர் 17 பாகை. மரத்தடியை ஒட்டி மகன் எனக்காக வீசிக் கொடுத்தான். ஃப்ளை இறங்க இறங்க எண்ண வேண்டும். எந்த எண்ணில் மீன் தொடுகிறதோ, அடுத்த முறையும் அதே எண்ணில் மெதுவாக இழுக்க வேண்டும். பேரன் படகின் நடுவில் உட்கார்ந்து தமிழில் எண்ணினான். அவனுக்குப் பத்து வரை நன்றாக வரும். நான்கு சொல்லும்போது நரம்பு லேசாக ஓரம் சாய்ந்தது. தூக்கினேன். வெள்ளி கிராப்பி, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. நான் கட்டிய இறகு அதன் வாயோரத்தில் ஒட்டியிருந்தது. அந்த மகிழ்ச்சியை எழுதிக் காட்ட முடியாது.

மூன்றாவது மீன் வேறு மாதிரி இருந்தது. தலையும் நெஞ்சும் கரி பூசியதுபோல் கறுத்திருந்தன.

"ஆண் மீன்பா. முட்டைப் பருவத்துல இப்படிக் கறுத்துடும். குழி பறிச்சு, பெண் முட்டை போட்டதும் இதுதான் காவல் நிக்கும். கிட்ட எது வந்தாலும் அடிக்கும்" என்றான் மகன்.

ஆக, என் இறகைப் பார்த்து அது ஏமாறவில்லை. பசிக்கும் வரவில்லை. முட்டை தின்ன வந்த எதிரி என்று விரட்ட வந்திருக்கிறது.

பேரன் மீனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப இப்ப முட்டைய யாரு பாத்துக்குவாங்க தாத்தா?"

எனக்குக் கம்பார் பக்கத்து லோம்போங் நினைவுக்கு வந்தது. எழுபதுகளின் தொடக்கம். தண்ணீர் மேலே செம்மண் நிறத்தில் தோமான் குஞ்சுக் கூட்டம் குமிழி விட்டுக்கொண்டு போகும். கீழே தாயும் தகப்பனும் காவல் வரும் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் அண்ணன் கூட்டத்தின் நடுவே தவளையை வீசினார். மூன்று கிலோ தோமான். லயத்தில் நாலு வீட்டுக்குக் கறி. மறுநாள் மாலை போய்ப் பார்த்தோம், குஞ்சுகள் பாதிதான் இருந்தன. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

கறுத்த மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றினேன். மரத்தடி நோக்கி ஒரே பாய்ச்சல்.

"சட்டப்படி எடுத்துக்கலாம்பா. கிராப்பி நிறையப் பெருகும். சின்னக் குளத்துல அளவுக்கு மீறிப் பெருகினா வளராமலேகூடப் போயிடும்" என்றான் மகன். அவன் சொன்னது உண்மை. உரிமம் எடுத்திருந்தோம், எத்தனை மீன் எடுக்கலாம் என்ற கணக்கும் தெரியும். தப்பு என்று நான் வாதாடவில்லை. பேரனின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அவ்வளவுதான். "கொஞ்சம் ஆழத்துக்குப் போவோமே" என்றேன்.

ஆழத்தில் மணிக்கண் ஃப்ளை சரிப்படவில்லை. காற்று படகைத் தள்ளிக்கொண்டு போனது. ஃப்ளை இறங்குவதற்குள் இடம் மாறிவிட்டது. அப்போதுதான் பேரன் மிட்டாய் டின்னைத் திறந்தான். ஒதுக்கிவைத்த ஈயக் கண் ஃப்ளைகளில் துளை அடைபடாதது இரண்டு இருந்தது. இறகைக் கத்தரித்துக் குறைத்துக் கட்டினேன். எட்டு எண்ணியபோது முதல் மீன். கரையோரத்தில் அரை மணி நேரத்தில் மூன்று கிடைத்தது. இங்கே மூன்று மணி நேரத்தில் நான்கு. முதல் இரண்டோடு சேர்த்து ஆறு. வீட்டுக்குப் போதும்.

நான் புண்ணியம் தேடிக்கொண்டேன் என்று சொல்ல வரவில்லை. அன்றிரவு சுத்தம் செய்தபோது இரண்டு மீனில் சினை இருந்தது. நான் ஊரிலிருந்து கொண்டுபோன மசாலைத் தூளில் புரட்டிப் பொரித்தாள் மருமகள். முள் குறைவு, சதை வெள்ளை. பேரன் மூன்று துண்டு சாப்பிட்டான்.

ஊர் திரும்பியதும் அண்ணனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த மாதம் லோம்போங்குக்கு இந்த ஃப்ளையை எடுத்துப் போகலாம், குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் மட்டும் தள்ளிப் போய் வீசுவோம் என்றேன். எண்பதை நெருங்கும் மனிதர். தோமான் கதையை மறந்திருப்பார் என்றுதான் நினைத்தேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "மூணாம் நாளு நான் மட்டும் தனியா போய்ப் பாத்தேன்டா" என்றார். "ஒண்ணுகூட இல்ல."