எதைக் கழிப்பது, எதைக் காப்பது?

அலுமாரியில் இறுவட்டுகள் பெருகிவிட்டால் சிலவற்றைக் கழித்தே ஆகவேண்டும். விருது பெற்றது, விமர்சகர் போற்றியது என்பதற்காக ஒரு படத்தை வைத்திருப்பது வருவோருக்குக் காட்டவே உதவும். மீண்டும் பார்க்க மனம் விழைகிறதா என்பதே உண்மையான உரைகல். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955), லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' (1956), மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) ஆகியன என்னளவில் அதில் தேறியவை.

ஆயினும், ஈழத்து இரசிகனுக்கு இந்த அளவுகோல் மட்டும் போதாது. 1993 இல் இலண்டனில் தீயில் கருகிய 'பதேர் பாஞ்சாலி'யின் மூலச்சுருள், வெளிநாட்டுக் காப்பகங்களின் முயற்சியால் 2015 இல் புத்துயிர் பெற்றது. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது சாம்பலான படச்சுருள்களை மீட்க எவருமில்லை. யாழ்ப்பாணத்தின் சாதிய இறுக்கத்தைச் சிங்கள நெறியாளர் தர்மசேன பத்திராஜ தமிழிலேயே சொன்ன 'பொன்மணி' போன்ற படங்களின் பிரதி, எவ்வளவு மங்கலாயினும், கைவிடத்தக்கதன்று.

ஆகவே, எங்கும் கிடைப்பதைத் தயங்காது கழியுங்கள். நம் நாட்டுத் தமிழ்ப் படம் ஒன்று உங்களிடம் இருந்தால், அது உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், பிரதியெடுத்து இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள். நம் படங்களுக்கு நம் அலுமாரிகளே காப்பகம்.