பள்ளி என்றால் எது?



திருவேற்காட்டில் எம்மிடம் மாலையில் ஓத வரும் சிறுவன் ஒருவன் அண்மையில் முகம் வாடி வந்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வகுப்புக்குத் தாமதமாகச் சென்றிருக்கிறான். "எங்கே போயிருந்தாய்?" என்று ஆசிரியர் வினவ, "பள்ளிக்குப் போயிருந்தேன்" என்றிருக்கிறான். "பள்ளி இதுவல்லவா? கேலி பேசுகிறாயா?" என்று அவனை நிற்க வைத்துவிட்டார். பையன் சொன்னது பொய்யன்று. ஆசிரியர் சினந்ததும் வியப்பன்று. ஒரு சொல்லின் இரு பொருள்கள் மோதிக்கொண்டன. இடையே அகப்பட்டது குழந்தை.

"ஹஜ்ரத், இனிமேல் பள்ளி என்று சொல்லவே மாட்டேன்" என்றான். அதுதான் என் நெஞ்சை உறுத்தியது. அன்று கிதாபை மூடிவிட்டு, பிள்ளைகளுக்கு அச்சொல்லையே பாடமாக நடத்தினேன். உங்கள் இல்லத்துப் பிள்ளைகளுக்கும் இதனைச் சொல்லுங்கள்.

பள்ளி என்பதற்குப் படுக்கை, உறக்கம் என்று பொருள் உண்டு. பள்ளியறை என்கிறோம் அல்லவா? சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடங்களும் பள்ளி எனப்பட்டன. திருச்சிராப்பள்ளி மலைக்குகையில் சமணத் துறவியரின் கற்படுக்கைகளை இன்றும் காணலாம். அத்துறவியர் தம் இருப்பிடத்திலேயே பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தமையால் கல்விக்கூடமும் பள்ளியாயிற்று என்பர் அறிஞர். தமிழ்க் கடற்கரையில் வாழ்ந்த முஸ்லிம்களின் தொழுமிடத்திற்கும் அப்பெயரே அமைந்தது. 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத் திருப்புல்லாணிக் கல்வெட்டு, சோனகரின் 'பிழார்ப் பள்ளி'க்கு மானியம் விட்ட செய்தியைக் கூறுகிறது. 700 ஆண்டுகளுக்கும் மேலாக நம் நாவில் வழங்கும் சொல்லை ஓர் அதட்டலுக்கு அஞ்சி விட்டுவிடலாமா?

"படுக்கை, பாடம், தொழுகை மூன்றுக்கும் எப்படி ஒரே சொல் ஹஜ்ரத்?" என்றாள் ஒரு சிறுமி. மதீனாவை நினைவூட்டினேன். பெருமானார் (ஸல்) அவர்களின் மஸ்ஜிதில் 'ஸுஃப்ஃபா' என்றொரு திண்ணை இருந்தது. வீடற்ற ஏழைத் தோழர்கள் அங்கேதான் உறங்கினர், அங்கேதான் கற்றனர், அந்த மஸ்ஜிதிலேயே தொழுதனர். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அத்திண்ணைத் தோழருள் ஒருவர். நம் சொல்லின் மூன்று பொருளும் அங்கே ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தன. வாடி வந்தவன் முகம் மலர்ந்தது.

அவனிடம் சொன்னேன்: "சொல்லை விடாதே தம்பி. கேட்பவருக்கு விளங்கும்படி இன்னும் ஒரு சொல் சேர்த்துக்கொள். 'பள்ளிவாசலுக்குத் தொழப் போயிருந்தேன், ஐயா' என்று பணிவாகச் சொல்."

பெற்றோரே, குறை நம்மிடமும் உண்டு. வீட்டில் பழகிய சொல் வெளியில் வேறு பொருள் தரும் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. ஜும்ஆவுக்கு அனுமதி வேண்டி ஆசிரியருக்கு முன்கூட்டியே ஒரு வரி எழுதவுமில்லை.

இன்றிரவு உணவு வேளையில் பிள்ளைகளிடம் ஒன்று கேளுங்கள்: திருவேற்காடு என்னும் பெயரிலுள்ள 'வேல்' ஆயுதமா, மரமா? எங்கள் பிள்ளைகள் ஆயுதம் என்றே கூவினர். வெள்வேல மரங்கள் அடர்ந்த காடு என்றதும் அவர்கள் விழிகள் விரிந்ததைக் காண வேண்டுமே!