கட்டுரையைப் படிக்காமல் போடும் மார்க்

"அவருக்கு ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு?" ஓர் ஆராய்ச்சியாளரைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி இன்று இதுதான். அவருடைய கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதை வைத்துப் போடும் எண் அது. மேற்கோள் எண்ணிக்கை கூடினால் பெரிய விஞ்ஞானி, குறைந்தால் சின்னவர் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. வடசென்னை போன்ற ஊர்களுக்குக் கேடும்கூட.

வடசென்னையில் ராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தவர் மூளை ஆராய்ச்சியாளர் வி.எஸ். ராமச்சந்திரன். மாணவராக இருந்தபோதே, இரு கண்களும் சேர்ந்து ஆழத்தை எப்படி உணர்கின்றன என்று இன்னும் இருவரோடு எழுதிய கட்டுரை 1973-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அன்று ஹெச்-இண்டெக்ஸே கிடையாது. அது 2005-இல்தான் பிறந்தது. எழுதியவர் யார் என்பதல்ல, எழுதியது என்ன என்பதே அன்று எடுபட்டது.

பின்னாளில் அவர் செய்த கண்ணாடிப் பெட்டியைப் பாருங்கள். மேல்மூடி இல்லாத பெட்டி, நடுவில் செங்குத்தாக ஒரு கண்ணாடி. கை இழந்தவர் நல்ல கையை ஒரு பக்கம் விட்டு, பிம்பத்தைப் பார்த்தபடி விரல்களை விரிக்கிறார். இல்லாத கை இன்னும் இருந்து இறுகிக் கிடப்பதாகத் தோன்றியது தளர்ந்ததாகச் சிலர் உணர்ந்தார்கள். 1996-இல் அது கட்டுரையானது. எல்லோருக்கும் அது பலிக்கவில்லை. பிந்தைய சோதனைகளின் முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. ஆனால் மேற்கோள் கணக்கில் ஆதரித்தவரும் மறுத்தவரும் ஒன்றுதான். அந்த எண்ணை வைத்து எதைத் தெரிந்துகொள்வது?

அல்சைமர் நோய் பற்றி 2006-இல் ‘நேச்சர்’ வெளியிட்ட ஒரு கட்டுரையை 2,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் மேற்கோள் காட்டின. படங்கள் திருத்தப்பட்டவை என்று தெரியவந்து, 2024-இல் அது திரும்பப் பெறப்பட்டது. எண்ணிக்கை அதைக் காப்பாற்றவில்லை. அதற்குள் பதினெட்டு ஆண்டுகள் போய்விட்டன.

இதே ஸ்டான்லியில்தான் டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவை வளர்த்தெடுத்தார். மெஷினில் கை மாட்டி வந்த தொழிலாளி மறுபடி ஸ்பேனர் பிடித்தால், அது எந்த சைட்டேஷன் பட்டியலில் ஏறும்?

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் வடசென்னையின் எண்ணூர் பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கசிந்த அமோனியாவில் மூச்சுத் திணறினார்கள். அவர்களின் உடம்பையும் நரம்பையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்க்க ஓர் இளம் மருத்துவர் முன்வந்தால், பாஸ்டனிலும் லண்டனிலும் அதை மேற்கோள் காட்ட எத்தனை பேர் இருப்பார்கள்? ‘இதை விடு, உலகம் பேசும் தலைப்பை எடு’ என்றுதான் இந்த அளவுகோல் அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறது. என் கோபமெல்லாம் இதன் மேல்தான்.

தேர்வுக் குழுவில் உட்காரும் பேராசிரியர்களே, விண்ணப்பத்தில் எண்களுக்கான கட்டத்தை எடுத்துவிடுங்கள். சிறந்தவை என்று விண்ணப்பிப்பவரே கருதும் மூன்று கட்டுரைகளைக் கேட்டு வாங்கி, உட்கார்ந்து படித்துவிட்டு மார்க் போடுங்கள்.